அறிவியல் புனைகதையை வகுப்பில் நடத்துவது எப்படி? பெங்களூருத் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு எடுப்பவர்கள் பல பேர் இருக்கிறார்கள். அல்சூரில், ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், கே.ஆர்.புரத்தில் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் என்று எங்காவது வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு பெரிய சிரமம் இல்லை. பாட்டு, படம், விளையாட்டு என்று நேரம் ஓடிவிடும். 8-ஆம் வகுப்பைத் தாண்டியதும்தான் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். பள்ளியில் மின்காந்தமும் மரபணுவும் படிக்கிற 14 வயதுப் பெண்ணிடம் முயல் ஆமைக் கதையைக் கொடுத்தால் அவள் எதற்காக வர வேண்டும்? அவள் அறிவுக்கு ஈடான விஷயம் தமிழில் கிடைத்தால் வருவாள். அதற்கு அறிவியல் புனைகதையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

8 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை வைத்து, ஒன்றரை மணி நேரம் வீதம் 6 வகுப்புகளில் இதை நடத்தலாம். நீங்கள் அறிவியல் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

வகுப்புக்குப் போகும் முன்

எது அறிவியல் புனைகதை, எது இல்லை என்பதில் முதலில் உங்களுக்குத் தெளிவு வேண்டும். விண்கலமும் ரோபோவும் வந்துவிட்டால் மட்டும் போதாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: கதையில் வரும் அதிசயத்தைப் பார்த்து "இது எப்படி நடக்கிறது?" என்று கேட்டால் கதை ஏதாவது ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்த விதியைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். மந்திரத்தில் ஒரே இரவில் மாமரம் வளர்ந்தால் அது மாயக்கதை. அதே மரம் மாற்றியமைத்த ஒரு விதையிலிருந்து வளர்ந்தால் அடுத்த கேள்விகள் வரிசையாக வரும். அவ்வளவு தண்ணீரை எங்கிருந்து எடுத்தது? பக்கத்து வயல் என்ன ஆயிற்று? விதையை விற்பது யார்? கதை இந்தக் கேள்விகளோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

புஷ்பக விமானம் அறிவியல் புனைகதையா என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். மழுப்பாதீர்கள், மட்டம் தட்டவும் வேண்டாம். அது மகத்தான காவியக் கற்பனை. அது எரிபொருளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கவலைப்பட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வேறுபாடு உடனே புரியும்.

முதல் வகுப்பு: ஒரே ஒரு மாற்றம்

வரையறையைப் பலகையில் எழுதித் தொடங்காதீர்கள். ஊரிலிருந்து தொடங்குங்கள். 1950-ல் ஒருவர், "பெங்களூருவில் ஓர் ஏரி பற்றி எரியும், அதிலிருந்து எழும் நுரை சாலைக்கு வந்து வண்டிகளை மறிக்கும்" என்று எழுதியிருந்தால் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பெல்லந்தூர் ஏரியில் 2017-லும் 2018-லும் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் அணைப்பதற்கு ராணுவத்தினரும் வந்தார்கள். சோப்புத் தூளும் கழிவுநீரும் சேர்ந்தால் நுரை பொங்கும். அதில் யாருக்கும் வியப்பில்லை. ஒரு சாதாரண வேதியியல் இத்தனை வீடுகளால் பெருக்கப்பட்டபோது என்ன ஆயிற்று என்பதுதான் கதை. இதைச் சொல்லிவிட்டு, "இப்போது நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள்" என்று கேளுங்கள்.

ஒன்றுதான். இரண்டாவது மாற்றத்துக்கு அனுமதி கிடையாது. மற்றபடி எல்லாம் இன்றைய பெங்களூருவாகவே இருக்கட்டும்: அதே சில்க் போர்டு நெரிசல், அதே வீட்டு வாடகை, அதே பரீட்சை.

எனக்கு மிகவும் கைகொடுத்த மாற்றம் தண்ணீர்தான். ஏ.சி.யின் பின்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகிறது. இந்த முறையில் தண்ணீர் எடுக்கும் இயந்திரங்கள் இப்போதே இருக்கின்றன. மின்சாரம் நிறையப் பிடிக்கும். சரி, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய முழுத் தண்ணீரையும் தரும் ஒரு பெட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலகையில் வீடு, தெரு, ஊர் என்று மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன மாறும் என்று கேளுங்கள்.

வீட்டுக் கட்டம் சீக்கிரம் நிரம்பும். அம்மா விடியற்காலையில் எழுந்து மோட்டார் போட வேண்டாம், பக்கெட்டில் பிடித்து வைக்க வேண்டாம். தெருவுக்கு வந்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். டேங்கர் லாரி ஓட்டும் அண்ணன் என்ன செய்வார்? வால்வு திறந்துவிடும் வாட்டர்மேன்? போர்வெல் போடுகிறவர்கள்? இந்த வேலைகளில் நம் ஆட்கள் பலர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வகுப்பிலேயே அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை பேச ஆரம்பித்தால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஊர்க் கட்டத்தில்தான் சண்டையே வரும். லட்சக்கணக்கான பெட்டிகள் ஈரத்தை உறிஞ்சினால் காற்று வறண்டுபோகாதா? கோலார் தக்காளிக்கு என்ன ஆகும்? மார்ச் மாதத்தில் காற்றிலேயே ஈரம் குறைவு, அப்போது பெட்டி என்ன தரும்? வாடகை வீட்டில் பெட்டியை யார் வைப்பது? வீட்டுக்காரர் வைத்து, குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரை விற்பாரா? மாடியே இல்லாதவர்களுக்கு? காற்று யாருடையது?

முதல் விளைவு எல்லாருக்கும் தோன்றும். மூன்றாவது, நான்காவது விளைவில்தான் கதை இருக்கிறது. பெட்டியைக் கண்டுபிடித்த விஞ்ஞானியைப் பற்றி எழுதச் சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே கதையை எழுதும். டேங்கர் ஓட்டுநரின் மகளும் அவளுடைய தோழியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, தோழி வீட்டில் நேற்று பெட்டி வாங்கினார்கள் என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு கதை எழுதும். இந்த 6 வகுப்புகளில் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

காவிரி பேச்சு வந்தால்

தண்ணீர் என்று எடுத்தால் காவிரி வரும். நகரத்துக் காவிரித் தண்ணீர் மண்டியா மாவட்டத்து தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்யப்பட்டு வருகிறது. இதைத் தயங்காமல் சொல்லுங்கள்; குழாயைத் திறக்கும்போது அவர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் 2016 செப்டம்பரில் காவிரிக்காக இங்கே நடந்த கலவரத்தை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கன்னட நண்பர்கள் இருப்பார்கள், அதே தெருவில் வாழ வேண்டியவர்கள் அவர்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை வகுப்பில் தொடங்காதீர்கள். பேசாதே என்று வாயை அடைப்பதும் தவறு.

இந்த இடத்தில் அறிவியல் புனைகதை பெரிய உதவி செய்கிறது. செவ்வாயில் நிலத்துக்கடியில் ஒரு பனிப்பாறை, அதன் மேட்டுப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு, பள்ளத்துப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் அந்த ஒரே பனிதான் தண்ணீர். பாதி வகுப்பை மேட்டிலும் பாதியைப் பள்ளத்திலும் வைத்து ஓர் ஒப்பந்தம் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு தரப்பையும் இடம் மாற்றி, எதிர்த்தரப்பு எழுதியதற்கே வாதாடச் சொல்லுங்கள். கூச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இரண்டாம், மூன்றாம் வகுப்பு: வாசிக்க எதை எடுப்பது

வெளிநாட்டிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. நம் பக்கத்திலேயே பழைய, நல்ல கதைகள் இருக்கின்றன.

தாவரங்களை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ் 1896-ல் வங்காளத்தில் ஒரு கதை எழுதினார். தலைமுடி எண்ணெய்க்காக நடந்த போட்டிக்கு எழுதியது அது. கல்கத்தாவை நோக்கி வரும் என்று எதிர்பார்த்த புயல் திடீரென்று காணாமல் போகிறது. விஞ்ஞானிகள் விளக்கம் தேடித் திண்டாடுகிறார்கள். உண்மையில், இலங்கைக்குக் கப்பலில் போன ஒருவர் கையிலிருந்த கூந்தல் எண்ணெய்ப் பாட்டிலைக் கடலில் கவிழ்த்திருக்கிறார்! சுருக்கத்தைத் தமிழில் நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத் தூளைத் தூவி, நடுவில் ஒரு சொட்டு சோப்பு நீர் விடுங்கள். தூள் சட்டென்று ஓரத்துக்கு ஓடும். நீரின் மேற்பரப்பில் ஓர் இழுவிசை இருக்கிறது, ஒரு சொட்டு அதை மாற்றும் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். எண்ணெய் சிற்றலைகளை அடக்கும் என்பதும் உண்மை. அப்படியென்றால் புயலையும் அடக்குமா? புயலுக்கு ஆற்றல் சூடான கடல்நீரிலிருந்து வருகிறது, ஒரு பாட்டில் எண்ணெய் அதற்கு எம்மாத்திரம். கதையில் எந்த வரிவரை உண்மை, எந்த வரியிலிருந்து கற்பனை என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இது மிக நல்ல பயிற்சி. எந்தக் கதைக்கும் பொருந்தும்.

அடுத்தது ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு. 1905-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் வெளியானது. அதில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். மேகத்துக்கு மேலே பலூனை மிதக்கவிட்டு, குழாய் வழியாக நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள்! முதல் வகுப்பில் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்த பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே 1905-ல்தான் சிவனசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தில் பெங்களூருத் தெருவிளக்குகள் முதன்முதலில் எரிந்தன. பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் ஒரு பெண் சூரிய சக்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். அறிவியல் புனைகதை பையன்களுக்கானது என்ற எண்ணம் வகுப்பில் இருந்தால், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், இந்தக் கதையைக் கொடுங்கள். ஆண்களை அடைத்துவைப்பது நியாயமா என்று ஒரு பையன் நிச்சயம் கோபப்படுவான். அந்தக் கோபத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள், அதைத் தூண்டத்தான் கதை எழுதப்பட்டது.

மூன்றாவதாக சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு கொண்டவர். ஜாலஹள்ளிப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியே ஒரு தள்ளு கொடுக்கும். "என் இனிய இயந்திரா"வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை ஒரு முறை படித்தவர்கள் மறப்பதில்லை. முழு நாவலையும் வகுப்பில் படிக்க முடியாது. ஜீனோ வாயைத் திறக்கும் ஓர் அத்தியாயம் போதும், மீதியைத் தாமே தேடிப் போவார்கள். பெரியவர்களுக்காக எழுதிய கதைகளும் அவரிடம் உண்டு என்பதால், எதை எடுத்தாலும் முதலில் நீங்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

வாசிக்கும் முறை பற்றி ஒன்று. இங்கே பிள்ளைகள் தமிழை நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கும்போது எழுத்துக் கூட்டுவார்கள். அவர்களிடம் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் கதை செத்துவிடும். நீங்கள் உரக்கப் படியுங்கள். கதையின் விதி வெளிப்படும் இடத்தில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று கேளுங்கள். கடினச் சொற்களுக்கு முன்கூட்டியே அர்த்தம் எழுதிப் போடாதீர்கள். கதை பிடித்துவிட்டால் அர்த்தத்தை ஊகித்துக்கொள்வார்கள். ரோபோவை ரோபோ என்றும் சாட்டிலைட்டை சாட்டிலைட் என்றும் அவர்கள் எழுதினால் விட்டுவிடுங்கள்.

நான்காம் வகுப்பு: கொஞ்சம் நிஜ அறிவியல்

பாடம் நடத்த வேண்டாம். கதைக்குள் ஒரு சிக்கலை உண்டாக்கும் எண்கள் மட்டும் போதும். நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. நிலவில் ஓர் இரவு என்பது நமக்கு சுமார் 14 நாள், பகலும் அப்படியே. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது அதை இயக்கிய கட்டுப்பாட்டு அறை இங்கேதான், பீன்யாவில் இருந்தது. பேசுவதற்கான பெரிய ஆன்டெனாக்கள் ஊருக்கு வெளியே பியாலாலுவில் இருக்கின்றன. அதில் நிலவில் இறங்கிய கலமான விக்ரம் சூரிய ஒளியில் இயங்கியது என்பதால் அந்த 14 நாள் பகல் முடிந்ததும் உறங்கவைக்கப்பட்டது. பிறகு எழவில்லை. இருட்டப்போகிறது என்று தெரிந்த கடைசி சில மணி நேரத்தில் எந்த வேலையை முடிப்பது, எதை விடுவது? அறையில் இருக்கும் ஒருவரின் பார்வையில் எழுதலாம்.

எனக்குப் பிடித்தது தாமத விளையாட்டு. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர, இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது, எத்தனை கோடி செலவழித்தாலும் இதைக் குறைக்க முடியாது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து அறையின் இரு மூலைகளில் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் விஜயநகரில் அம்மா, மறுபக்கம் செவ்வாயில் மகள். செய்தியைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். தபால்காரர் நீங்கள், கடிகாரம் பார்த்து 3 நிமிடம் கழித்துத்தான் கொடுப்பீர்கள். "அம்மா, எனக்குக் காய்ச்சல்" என்று மகள் எழுதுகிறாள். அது கிடைப்பதற்குள் அம்மா, "சாப்பிட்டியா?" என்று ஒரு சீட்டு அனுப்பியிருப்பாள். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் தாமே புரிந்துகொள்வார்கள்: கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருந்தால் வேலைக்காகாது, அடுத்தவர் என்ன கேட்பார் என்று யோசித்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மாவாக இருந்தவர்கள் சீட்டில் நீளமாக எழுத ஆரம்பிப்பார்கள். ஒரு பௌதிக விதி மனிதர்கள் பேசும் முறையையே மாற்றுவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது.

உங்களுக்குத் தெரியாததைப் பெற்றோரிடம் கேளுங்கள். ஒரு விமானப் பொறியாளரைக் கூப்பிட்டால் ஓர் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். எந்த இயந்திரம் எங்கே பழுதாகும் என்று அவருக்குத்தான் அதிகம் தெரியும், கதைக்கு வேண்டியதும் அந்தப் பழுதுதான். வாய்ப்பிருந்தால் சௌடையா சாலை நேரு கோளரங்கத்துக்கோ, கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கோ ஒரு நாள் கூட்டிப் போகலாம். இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கொரு முறை பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும், அந்த நாளையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வகுப்பு: எழுதவைப்பது

ஒரு பக்கம் போதும். நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றம் ஒன்று. முக்கியப் பாத்திரம் விஞ்ஞானியாக இருக்கக் கூடாது. பிள்ளைக்கு நேரில் தெரிந்த பெங்களூரு இடம் ஒன்று வர வேண்டும். உலகம் அழியக் கூடாது. கடைசியில் எல்லாம் கனவாகிவிடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் முதல் வரைவில் டாக்டர் ஜான் நியூயார்க்கில் நடந்துகொண்டிருப்பார். பார்த்த படமெல்லாம் அப்படி, பிள்ளை என்ன செய்யும். திட்டாதீர்கள். "அவர் எந்த பஸ்ஸில் வந்தார்? எத்தனையாம் நம்பர்?" என்று கேளுங்கள். பஸ் நம்பர் வந்ததும் நிறுத்தம் வரும், நிறுத்தத்தில் டீக்கடை வரும், டீக்கடையில் நம்மாட்கள் வருவார்கள், ஜான் தானாக இறங்கிவிடுவார்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதும் ரோபோக்கள் எப்போதும் செந்தமிழில் பேசும். "வணக்கம் மனிதர்களே, உங்களுக்கு நான் எவ்வாறு உதவ இயலும்?" அதற்கு யார் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சிவாஜிநகர் கடையில் 10 வருஷம் வேலை செய்த ரோபோ உருதும் கன்னடமும் கலந்த சிவாஜிநகர்த் தமிழைத்தானே பேச வேண்டும்? கோலார் தங்கவயலிலிருந்து வந்த தாத்தா வீட்டில் வளர்ந்த ரோபோ? இந்த ஒரு கேள்வியில் உரையாடல் உயிர் பெறும், வீட்டுத் தமிழை வெட்கமில்லாமல் எழுதலாம் என்ற தைரியமும் பிள்ளைக்கு வரும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்களே என்றால், முதல் வரைவை வகுப்பிலேயே பேனாவால் எழுதவையுங்கள். வீட்டுக்குப் போய், "என் கதையில் என்ன ஓட்டை இருக்கிறது?" என்று அதனிடம் கேட்டு வரட்டும். அது சொன்ன ஓட்டை சரியா என்று வகுப்பு முடிவு செய்யட்டும்.

ஆறாம் வகுப்பு: திருத்துவது

எழுத்துப் பிழையில் கை வைக்காதீர்கள், இப்போது வேண்டாம். ல, ள, ழ எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த கதையை எழுதாது. முதல் வரைவில் மூன்றை மட்டும் பாருங்கள். சொன்ன விதியைக் கதை காப்பாற்றியதா? அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தது யார், அவர் கதைக்குள் இருக்கிறாரா? இந்த ஆள் இந்த நிலைமையில் இப்படித்தான் நடந்துகொள்வாரா? பதிலை ஓரத்தில் கேள்வியாக எழுதுங்கள். பிழைகளை இரண்டாம் வரைவில், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துங்கள்.

இதனால் தமிழில் மார்க் கூடுமா என்று பெற்றோர் கேட்பார்கள். பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழே கிடையாது, கன்னடமும் இந்தியும்தான். மார்க்குக்கு இங்கே இடமில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்கள் பிள்ளை எழுதிய ஒரு பக்கத்தை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

கதைகளைத் தொகுத்து ஜெராக்ஸ் எடுத்துத் தைத்துக் கொடுக்கலாம். வெளியில் பகிர்வதாக இருந்தால் பிள்ளைகளின் முழுப் பெயரும் பள்ளியும் வேண்டாம், முதல் பெயர் போதும். ஒவ்வொரு கதையின் அடியிலும் எது உண்மை, எது கற்பனை என்று எழுதியவரே மூன்று வரி சேர்க்கட்டும். பக்கத்துக் குடியிருப்பில் கன்னட வகுப்பு நடந்தால், இரண்டு கதைகளைக் கன்னடத்தில் சொல்லிக்காட்ட உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். அவர்களிடமிருந்து இரண்டு கதை வாங்கி வரட்டும். அடுத்த பருவத்துக்கான முதல் வகுப்பை அந்தக் கதைகளிலிருந்து தொடங்கலாம்.